அறுவை சிகிச்சைக்குப் பின் வலி: இருமச் சொல்லிக் கேளுங்கள்

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்தவரிடம் "வலி இருக்காங்கய்யா?" என்று கேட்டால், "பரவாயில்ல சிஸ்டர்" என்பார். அசையாமல் படுத்திருக்கும்வரை அது உண்மையாகவும் இருக்கலாம். ஒருமுறை இருமச் சொல்லுங்கள், புரண்டு படுக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பது அப்போதுதான் தெரியும். வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி தேங்கி நிமோனியா வரலாம். எழுந்து நடக்காதவருக்குக் காலில் ரத்தம் உறையலாம். ஆகவே 0 முதல் 10 வரையிலான அளவில், படுத்திருக்கும்போது ஒன்று, இருமும்போது ஒன்று என இரண்டு எண்களைக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். பிபியும் நாடியும் சரியாக இருப்பதால் வலி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வலி எவ்வளவு என்று சொல்லும் உரிமை நோயாளிக்கே உண்டு. 1968-லேயே அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃபெரி இதை வலியுறுத்தினார்.

எண்ணோடு நின்றுவிடவும் கூடாது. தையல் போட்ட இடம் குத்துவது எதிர்பார்த்ததே. சில நாள் கழித்துப் புதிதாக விண்விண்ணென்று தெறித்து, காய்ச்சலும் அடித்தால் சீழ் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடிவயிறு முட்டிக்கொண்டு வலித்தால், வலி ஊசி போடும் முன் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள்; சிறுநீர் தேங்கியிருக்கலாம். மாவுக்கட்டு போட்டவர் விரலை லேசாக நீட்டிவிட்டாலே துடிக்கிறார், மருந்துக்கும் அடங்கவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் டாக்டரை அழையுங்கள். தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் தடைபட்டிருக்கலாம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும்.

"வலி வந்தா சொல்லுங்க" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. வலி முற்றிய பிறகு அடக்க அதிக மருந்து தேவைப்படும். டாக்டர் எழுதிய பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், டிரிப்ஸாக 15 நிமிடத்தில் ஏற வேண்டும். எடை 50 கிலோவுக்குக் குறைவு என்றால் ஒரு டோஸுக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். 50 கிலோவுக்கு மேல் உள்ளவருக்கும் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. காய்ச்சலுக்கென்று தனியாக எழுதிய மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பல நேரம் கவனத்துக்கு வருவதில்லை. டிராமடால் என்ற வலி மருந்தை நரம்பில் வேகமாகத் தள்ளினால் குமட்டும்; வாந்தியெடுக்கும்போது தையல் இழுத்து வலி இன்னும் கூடும். 2–3 நிமிடம் எடுத்து மெதுவாகப் போடுங்கள்.

மார்ஃபின் போட்டவர் தூங்குகிறாரே என்று நிம்மதியாகப் போய்விட வேண்டாம். பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன் மந்தம்தான் வரும். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பேச்சின் நடுவிலேயே சொக்கி விழுந்தால் அடுத்த டோஸ் வேண்டாம். மூச்சை முழுதாக 1 நிமிடம் எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள். 10-க்குக் கீழே போனால் ஆக்ஸிஜனும், மார்ஃபினை முறிக்கும் மருந்தான நாலாக்சோனும் கைக்கு எட்ட இருக்க வேண்டும்.

"ஊசி போடப்பட்டது" என்று மட்டும் எழுதினால் வேலை பாதியில் நிற்கிறது. நரம்பு ஊசிக்கு 15–30 நிமிடம், மாத்திரைக்கு 1 மணி நேரம் கழித்து மறுபடி இருமச் சொல்லி எண்ணைக் கேளுங்கள். முழங்காலை மடக்கி, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமினால் தையலில் இழுப்பு குறையும். கட்டுப் பிரிப்பதையும் நடக்கவைப்பதையும் மருந்து நன்றாக வேலை செய்யும் அந்த நேரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.