இயர்பட்ஸைக் காது மெஷின் ஆக்காதீர்கள்

டவுன் ஹால் ரோட்டில் வாங்கிய, வெளி இரைச்சலை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் இயர்பட்ஸ் ஒரு ஜோடி. போனில், மைக்கில் விழும் சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஆப் ஒன்று. இரண்டையும் சேர்த்து அப்பா காதில் மாட்டிவிட்டு, "மெஷின் செலவு மிச்சம் சார்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். கொஞ்ச நாளில் அப்பா அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிடுவார். "வாய் அசைஞ்சு முடிஞ்சப்புறம் சத்தம் வருது", "நான் பேசுறதே எனக்கு ரெண்டு தடவை கேக்குது" என்பார். வயதான அடம் என்று வீட்டில் அலுத்துக்கொள்வார்கள். அவர் சொல்வது அத்தனையும் உண்மை.

சாதாரண டிஜிட்டல் காது மெஷின் ஒலியை வாங்கி, பிரித்து, பெருக்கிக் காதுக்குள் விட 4 முதல் 8 மில்லி விநாடி எடுக்கும். ப்ளூடூத் இயர்பட்ஸில் சாதாரணமாக 150 முதல் 250 மில்லி விநாடி ஆகும். மதுரை வெயிலில் ஒலி 1 மில்லி விநாடிக்குச் சுமார் 35 செ.மீ. போகும். நடுவில் 200 மில்லி விநாடி என்று கணக்குப் போட்டால், எதிரே உட்கார்ந்து பேசும் மருமகளின் குரல் 70 மீட்டர் தள்ளித் தெருமுனையிலிருந்து வருகிற மாதிரிதான். பாட்டு கேட்க இது பிரச்சினையே இல்லை. முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பெரியவருக்கு இது சித்திரவதை.

உடனே அடுத்த கேள்வி வரும்: "இது நாய்ஸ் கேன்சலிங் ஆச்சே, அதுல தாமதமே கிடையாதாமே?" காது மெஷின் பொருத்தும் நாங்கள் இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோகிறோம். அதில் இருப்பது இரண்டு தனித்தனிப் பாதைகள். இரைச்சலை அடித்துப்போட அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கும் வேலை முழுக்க இயர்பட்ஸுக்குள்ளேயே, மைக்ரோ விநாடிக் கணக்கில் முடிகிறது. முடிந்தே ஆக வேண்டும். வெறும் 0.1 மில்லி விநாடி பிசகினாலும் 100 ஹெர்ட்ஸ் முனகலில் எதிர் அலை 3.6 டிகிரிதான் (ஒரு முழு அலை 360 டிகிரி) விலகும், 24 டெசிபெல் வரை குறைத்துவிடலாம். 1000 ஹெர்ட்ஸில் அதே பிசகு 36 டிகிரி ஆகி, 4 டெசிபெல் குறைவதே பெரிய காரியம். ஃபேன், பஸ் இன்ஜின் சத்தம் அடங்குவதும், பக்கத்து சீட் பேச்சு அடங்காததும் இதனால்தான். அந்த வேகம் எதிர் அலைக்கு மட்டும். உங்கள் ஆப் எடுக்கும் பேச்சோ போன் மைக், போனின் பஃபர் (ஒலி கொஞ்சம் சேரும்வரை காத்திருக்கும் இடம்), கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிப்பது), ரேடியோ, மறுபடி இயர்பட்ஸில் ஒரு பஃபர் என்று ஊர் சுற்றித்தான் வரும். நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்வதால் இதில் ஒரு மில்லி விநாடிகூடக் குறையாது. தவிர, வயதில் வரும் கேட்புக் குறை பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே. 'ச'வும் 'ஸ்'ஸும் கேட்காதவருக்கு ஃபேன் சத்தத்தை மட்டும் அடக்கிக் கொடுத்து என்ன பயன்?

மைக், சிப் எல்லாம் இயர்பட்ஸுக்குள்ளேயே இருந்து, கேட்புச் சோதனைக்கு ஏற்பப் பெருக்கும் வசதி உள்ளவை வேறு கதை. ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்கு அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2024 செப்டம்பரில் அப்படி அனுமதி கொடுத்தது. அதுவும் லேசான, நடுத்தரக் குறை உள்ள 18 வயது தாண்டியவர்களுக்கு மட்டும்.

நல்ல மெஷினிலும் எக்கோ புகார் வரும். ஓபன் டோம், அதாவது காதை முழுக்க அடைக்காத மென்மையான முனை, போட்டால் வெளிச் சத்தம் நேராக நுழையும். 5 மில்லி விநாடி கழித்து மெஷின் சத்தம் வரும். இரண்டும் சம அளவில் மோதினால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று 200-க்கு ஒரு பள்ளம் விழுந்து குரல் தகரம் தட்டும். இங்கே அவசரப்பட்டு மோல்டை (காது அளவுக்கு வார்த்த அச்சை) துளைக்கச் சொல்லாதீர்கள். மெஷினைக் காதிலேயே வைத்து ஆஃப் செய்து, 'ஈ', 'ஊ' என்று இழுத்துச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி இருந்தால் அது மெஷின் காதை அடைப்பதால் வருவது, வெண்ட்டை (காற்றுத் துளையை) பெரிதாக்கலாம். ஆஃப் செய்ததும் சரியானால் தாமதமோ, கீழ் அலைவரிசை கெயினோதான் (பெருக்கும் அளவோதான்) காரணம். அந்த கெயினைக் குறைக்க வேண்டும், தேவைப்பட்டால் வெண்ட்டைச் சிறிதாக்க வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். மாற்றிச் செய்துவிட்டு, "கம்பெனி சரியில்லை" என்று மெஷினைத் திட்டுபவர்கள் நிறைய.

"சேனல் எத்தனை?" என்று, அதாவது ஒலியை எத்தனை பட்டையாகப் பிரிக்கும் என்று, கடையில் கேட்கிறீர்கள் அல்லவா? ஒலியை எவ்வளவு பொடியாகப் பிரிக்கிறோமோ அவ்வளவு நேரம் காத்திருந்து பிரிக்க வேண்டும். 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில், அதாவது விநாடிக்கு 16,000 முறை ஒலியை அளக்கும்போது, 128 சாம்பிள் சேரவே 8 மில்லி விநாடி. இனி தாமதம் எத்தனை என்றும் கேளுங்கள். மெஷினைச் சோதிக்கும் டெஸ்ட் பாக்ஸில் அளந்து காட்ட முடியும்.

வலது காதுக்கு ஒரு மாடல், இரண்டு வருடம் கழித்து இடது காதுக்கு வேறு மாடல் வாங்காதீர்கள். சத்தம் எந்தப் பக்கம் என்று மூளை கண்டுபிடிப்பது, இரு காதுக்கும் இடையே அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி வித்தியாசத்தை வைத்து. இரண்டு மெஷினின் தாமதம் 3 மில்லி விநாடி வேறுபட்டால், கோரிப்பாளையம் சிக்னலில் ஹாரன் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

மெஷின் வரும்வரை ஆப்தான் கதி என்றால் வயர் இயர்போன் போடுங்கள், போனைப் பேசுபவர் பக்கம் வையுங்கள். டிவிக்கு வயர், இல்லையென்றால் டிவி சத்தத்தை நேராக மெஷினுக்கு அனுப்பும் டிவி ஸ்ட்ரீமர். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் கடைப்பக்கமே போகக் கூடாது. அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். காசு இல்லை என்பதற்காக யாரும் இயர்பட்ஸோடு நிற்க வேண்டாம். அரசு இராஜாஜி மருத்துவமனையில் காதைச் சோதிக்கலாம், தகுதி உள்ளவர்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக மெஷின் இலவசமாகவே கிடைக்கும்.

ட்ரையலுக்கு வரும்போது வீட்டில் அதிகம் பேசுகிற ஆளையும் தயவுசெய்து கூட்டி வாருங்கள். பேப்பரில் ஒரு பத்தியை நீங்களே உரக்க வாசித்து, உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். பழைய மெஷின் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். பெட்டியிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.