நேஷனல் பேங்க் நோட்: சொல்லும் பொருளும்

அமெரிக்காவின் பழைய ‘நேஷனல் பேங்க் நோட்’டைத் தமிழில் ‘தேசிய வங்கி நோட்டு’ என்று எழுதினால் நம் வாசகர் அரசு வங்கி என்றே நினைப்பார். 1969-இல் 14 வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து அந்தச் சொல் நமக்கு அப்படிப் பழகிவிட்டது. அமெரிக்காவில் நேஷனல் பேங்க் தனியார் வங்கிதான். மாநில அரசிடம் வாங்காமல் ஒன்றிய அரசிடம் உரிமப் பட்டயம் வாங்கியதால் அந்தப் பெயர்.

உள்நாட்டுப் போர் நடந்த 1863-இல், கருவூலச் செயலர் சால்மன் சேஸ் முன்னின்று கொண்டுவந்த சட்டத்தில் பிறந்த ஏற்பாடு இது. அதுவரை மாநில வங்கிகள் ஆளுக்கொரு நோட்டு அடித்தன. எது செல்லும் என்று கடைக்காரருக்கே குழப்பம். புதிய சட்டப்படி, அரசுக் கடன்பத்திரங்களை வாங்கி ஈடாக வைத்த வங்கி அதில் 90 சதவீதம் வரை தன் பெயரில் நோட்டு விடலாம். 1900-இல் அது 100 சதவீதமானது. வங்கி திவாலானாலும் நோட்டு செல்லும், கருவூலம் பணம் கொடுத்துவிடும்.

நோட் என்பதன் வேர் லத்தீன் ‘நோட்டா’. அடையாளம் என்று பொருள். பிறகு எழுதிக்கொடுத்த கடன் உறுதிக்கும் அதே பெயர் வந்தது. நம்முடைய புரோநோட்டில் இருப்பதும் இதுதான். கேட்டவுடன் பணம் தருவோம் என்ற வாக்கு என்பதால், வங்கித் தலைவரும் கேஷியரும் அதில் கையெழுத்திட்டார்கள். அன்றைய கேஷியர் பணம் எண்ணும் ஊழியர் இல்லை, வங்கியை அன்றாடம் நடத்தியவரே அவர்தான். வெட்டாத தாள்களாக வாஷிங்டனிலிருந்து வந்த நோட்டுகளில் பலர் பேனாவாலேயே கையெழுத்திட்டார்கள். அந்த மை பல நோட்டுகளில் வெளிறிப்போயிருக்கிறது. எனக்கு அந்த வெளிறிய கையெழுத்துதான் நோட்டின் உயிர்.

சேகரிப்பவர்கள் இவற்றை ‘நேஷனல்ஸ்’ என்பார்கள். அவர்கள் முதலில் பார்ப்பது ஊர்ப்பெயரை. பெருநகர வங்கி நோட்டுகள் நிறையக் கிடைக்கும். சின்ன ஊர் வங்கி விட்டதே கொஞ்சம், அதிலும் பெரும்பாலானவை திரும்பப் பெறப்பட்டு அழிக்கப்பட்டன. 1889-க்கு முன் ‘டக்கோட்டா டெரிட்டரி’ என்று அச்சான நோட்டுக்கு இன்னும் கிராக்கி. அந்தப் பிரதேசமே பிறகு இரண்டு மாநிலங்களாகிவிட்டது. 1882 வரிசையின் ‘பிரவுன் பேக்’ நோட்டைத் திருப்பினால், பழுப்புச் சித்திர வேலைக்கு நடுவே நீலப்பச்சையில் பெரிதாக ஓர் எண் இருக்கும். வங்கியின் பட்டய எண் அது. எண் 1 பிலடெல்பியாவின் ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்குக்குப் போனது. 1935-இல் நேஷனல் பேங்க் நோட்டு வெளியீடே நின்றது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘பட்டயக் கணக்காளர்’ ஏற்கெனவே வழக்கில் இருப்பதால், ‘பட்டய வங்கித்தாள்’ என்பதே என் தேர்வு. முதல்முறை எழுதும்போது மட்டும் ‘அமெரிக்க’ என்று முன்னால் சேர்த்தால் போதும்.