ரத்தம் வருகிற இடத்தைத்தான் தேய்க்க வேண்டும்

பல் தேய்த்துத் துப்பும்போது நுரையில் லேசாகச் சிவப்பு தெரிந்தால், நம்மில் பெரும்பாலோர் மறுநாள் முதல் அந்தப் பக்கம் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்வோம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்.

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நகத்தால் சுரண்டினால் மாவு போல வெள்ளையாக ஒன்று வரும். அது சோற்று மிச்சமல்ல. தாங்களே சுரந்த பசைக்குள் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும் பாக்டீரியாக்கள். பசை இருப்பதால் வாய் கொப்பளித்தால் போகாது, உரசித்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவற்றை எதிர்க்க உடல் அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. நுண்குழாய்கள் விரிகின்றன, ஈற்றின் உள்தோல் நைந்துபோகிறது, பிரஷ் பட்டதும் கசிகிறது. புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கசிவு குறைவாகத் தெரியும். ஈறு நன்றாக இருப்பதாக ஏமாந்துவிடக் கூடாது.

1965இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரின் குழுவினர், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மருந்து எதுவும் இல்லை.

சரி, எப்படித் தேய்ப்பது? மென்மையான பிரஷ்ஷை ஈற்று விளிம்பில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இரண்டு மூன்று பற்களாக, சின்னச் சின்ன அசைவில். அழுத்தம் வேண்டாம். கீழ் முன்பற்களின் பின்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள், பலருக்குச் சொரசொரப்பாக இருக்கும். உமிழ்நீர்க் குழாய்கள் பக்கத்திலேயே திறப்பதால் அதிலுள்ள தாதுக்கள் படிந்து அழுக்கு அங்கே சீக்கிரம் கல்லாக இறுகுகிறது. பல் இடுக்குக்கு ஃபிளாஸ் என்கிற நூல் அல்லது இடுக்குப் பிரஷ். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் ரத்தம் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் போய்விடுங்கள். கல்லை வீட்டில் எடுக்க முடியாது, ஊக்கால் குத்தியெடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஈறு பல்லை விட்டு விலகி 4 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளம் விழுந்தால் பிரஷ் அடிவரை எட்டாது. அதற்குக் கீழே கரைந்த எலும்பும் தானாக வளராது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இது வேகமாக நடக்கும்.

“எங்க தாத்தா பிரஷ்ஷையே தொட்டதில்லை, கடைசிவரை கரும்பு கடித்தார்” என்பவர்கள் உண்டு. பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதே லோ, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் வழக்கமில்லாத 480 தமிழ்த் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் கவனித்தார். சுமார் 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவேயில்லை. 8 சதவீதத்தினருக்கு மளமளவென்று முற்றியது. மற்றவர்கள் இடையில். தாத்தா அந்த 11 சதவீதத்தினரைப் போன்றவராக இருந்திருப்பார். பேரனும் அப்படித்தானா என்பதைப் பல் ஆடத் தொடங்கும் முன் கண்டுபிடிக்க வீட்டில் வழியில்லை.

அப்புறம், கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம். எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், கல்தான் பற்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, சில நாள் கூசவும் செய்யும். அந்த நாட்களிலும் விளிம்பில் பிரஷ் போக வேண்டும்.