சவர பிளேடு பிடித்துத் தரும் பிழை

வியாசர்பாடியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்டிருக்கிறார்: "வீட்டிலேயே தொலைநோக்கிக்கு ஆடி தேய்க்கிறார்களே, அது சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பார்கள்?"

தேய்ப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வட்டக் கண்ணாடிகள், நடுவே கார்போரண்டம் என்ற உரசும் பொடியும் தண்ணீரும். முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தால் மேலே இருப்பது குழியும் (அதுதான் நம் ஆடி), கீழே இருப்பது புடைக்கும். அப்புறம் பொடியை நைசாக்கிக்கொண்டே போய், கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி வைத்து பாலிஷ். 1.2 மீட்டர் குவியத் தொலைவுள்ள ஆறு அங்குல ஆடிக்கு நடுக்குழி சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். ஆனால் அந்தப் பரப்பில் பிழை 70 நானோமீட்டரைத் தாண்டக் கூடாது, அதாவது பச்சை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு.

இதை எந்த ஸ்கேலால் அளப்பது? 1858-இல் ஃபூக்கோ (ஊசலை வைத்து பூமி சுழல்வதைக் காட்டியவரேதான்) சொன்ன வழிக்கு ஒரு சவர பிளேடு போதும். ஆடியின் வளைவு மையத்தில் (அந்த வளைவு எந்தக் கோளத்தின் துண்டோ அதன் மையம்), நம் ஆடிக்கு 2.4 மீட்டர் தள்ளி, அலுமினியத் தாளில் ஊசித் துளை போட்டுப் பின்னால் ஒரு எல்இடி. ஒளி ஆடியில் பட்டுத் திரும்பி, துளைக்குப் பக்கத்திலேயே வந்து குவியும். அங்கே கண்ணை வைத்தால் ஆடி முழுக்க வெளிச்சமாகத் தெரியும். இப்போது பிளேடை மெல்லக் குறுக்கே நகர்த்துங்கள். ஆடி அப்பழுக்கில்லாத கோளம் என்றால், பிளேடு சரியாகக் குவிமுனையில் இருக்கும்போது மொத்தப் பரப்பும் ஒரே நேரத்தில் மங்கும். பிளேடு ஆடியை நோக்கிக் கொஞ்சம் முன்னே இருந்தால் நிழல் பிளேடு போகும் திசையிலேயே ஓடும், பின்னே இருந்தால் எதிர்த்திசையில்.

நட்சத்திர ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க நமக்குத் தேவையோ பரவளையம். அதில் விளிம்பின் கதிர்கள் மையத்தின் கதிர்களைவிடத் தள்ளிக் குவியும், அதனால் நிழல் மெதுவடை மாதிரி புடைத்துத் தெரியும். கோளத்துக்கும் பரவளையத்துக்கும் நம் ஆடியின் விளிம்பில் வித்தியாசம் சுமார் 0.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஆனால் ஒளித்துளை அசையாமல் இருந்தால், மையத்தின் கதிர்கள் குவியும் இடத்துக்கும் விளிம்பின் கதிர்கள் குவியும் இடத்துக்கும் நடுவே பிளேடு நகரவேண்டிய தூரம் சுமார் 2.4 மில்லிமீட்டர்! எட்டாயிரம் மடங்கு பெரிதாக்கி, பள்ளிக்கூட ஸ்கேலில் படிக்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை. கண்ணாடியைக் கட்டைவிரலால் கொஞ்ச நேரம் தொட்டுவிட்டுப் பாருங்கள், அந்தச் சூட்டில் வீங்கிய இடம் மேடாகத் தெரியும், அடங்கச் சில நிமிடமாகும்.

காற்றின் சூடும் தெரியும் என்பதால் ஃபேன் போடக் கூடாது, மே மாதத் தண்டையார்பேட்டையில் அது தண்டனைதான். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி போகும் சாலையை ஒட்டி வீடு என்றால் நிழலும் ஆடும், நடுராத்திரிதான் தோது.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி தெரியும்தானே? 1990-இல் மேலே போன பிறகுதான் அதன் 2.4 மீட்டர் ஆடியின் விளிம்பு சுமார் 2 மைக்ரான் தட்டையாகிவிட்டது தெரிந்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் மாறியிருந்தது. துல்லியம் குறைந்த வேறு சோதனைகள் பிழையைக் காட்டின, யாரும் நம்பவில்லை. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு ஆடியை பெங்களூரில் நம்மவர்களே தேய்த்தார்கள். அப்படிப்பட்ட பட்டறைகளுக்குப் பணம் ஒதுக்காமல், வெளிநாட்டுத் தொலைநோக்கி வாங்கிக் கல்லூரி அலமாரியில் பூட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சோதனை முடியும்வரை அலுமினியம் பூச வேண்டாம், வெறும் கண்ணாடி திருப்பும் நாலு சதவீத ஒளியே இதற்குப் போதும். பூசிய பிறகு மூடி போட்டே வையுங்கள், காசிமேட்டு உப்புக்காற்று பூச்சை அரித்துவிடும்.