பில்டு ஓடியது, புரோகிராம் ஏன் ஓடவில்லை? கர்னல் ஹெடர் பற்றி

பில்டு சர்வரில் பிழையின்றி கம்பைல் ஆன புரோகிராம், வாடிக்கையாளரின் சர்வரில் ஏற்றியதும் விழுந்துவிடுகிறது. இந்தப் புகாரோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த ஹெடரை வைத்துக் கம்பைல் செய்தீர்கள் என்றுதான். ஹெடர் என்பது, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) தரும் வசதிகளின் பெயர்களையும் எண்களையும் கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு. பலர் 'யூநேம் -ஆர்' கட்டளை காட்டும் எண்ணைச் சொல்கிறார்கள். அது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண். ஹெடரின் எண் வேறாக இருக்கலாம்.

டெபியனிலும் உபுண்டுவிலும் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்' என்று தொடங்கும் பேக்கேஜ், டிரைவர் போன்ற கர்னல் மாட்யூல் எழுதுபவர்களுக்கானது. சாதாரண புரோகிராமுக்கு வேண்டியது 'லினக்ஸ்-லிப்சி-டெவ்'. /யுஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் ஃபோல்டரில் இருப்பவை அதிலிருந்து வந்தவைதான். ஃபெடோரா, ரெட் ஹாட் பக்கம் மாட்யூலுக்கு 'கர்னல்-டெவல்', புரோகிராமுக்கு 'கர்னல்-ஹெடர்ஸ்'. பெயர்கள் இப்படிக் குழப்புவதால், கர்னல் சோர்ஸின் இன்க்ளூட் ஃபோல்டரையே நேராகச் சேர்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். புரோகிராம்கள் பார்க்க வேண்டிய ஹெடர்கள் 2012-இல் வந்த லினக்ஸ் 3.7-இலேயே 'யுஏபிஐ' என்று தனியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. வேறு பதிப்பின் ஹெடர் தேவைப்பட்டால், அந்தச் சோர்ஸில் 'மேக் ஹெடர்ஸ்_இன்ஸ்டால்' ஓட்டித் தனி ஃபோல்டரில் இறக்கிக்கொள்ளுங்கள். சிஸ்டத்தின் ஹெடர்களைத் தொட வேண்டாம்.

பழைய பைனரி புதிய கர்னலில் ஓட வேண்டும் என்பதில் கர்னல் குழுவினர் மிகக் கண்டிப்பானவர்கள். பழைய சோர்ஸ் புதிய ஹெடரோடு கம்பைல் ஆகும் என்பதற்கு அந்த அளவு உறுதி கிடையாது. லினக்ஸ் 5.2-இல் 'எஸ்ஐஓசிஜிஸ்டாம்ப்' என்ற வரையறை வேறொரு ஹெடருக்கு இடம் மாறியதும் விர்ச்சுவல் மெஷின் மென்பொருளான கியூஎமு 4.0 கம்பைல் ஆகாமல் நின்றது. 2022 ஆகஸ்டில் சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.36 வந்தபோது, சிஸ்/மவுன்ட் ஹெடரையும் லினக்ஸ்/மவுன்ட் ஹெடரையும் சேர்த்து வைத்திருந்த புரோகிராம்கள் ஒரே பெயர் இருமுறை வரையறுக்கப்பட்டதாகப் பிழை காட்டின. இவை எரிச்சலூட்டும், ஆனால் பில்டிலேயே தெரிந்துவிடும்.

எனக்குக் கவலை தருவது பில்டில் தெரியாத வகை. ஹெடர் புதியது என்றால் அதில் கோப்பைத் திறக்கும் 'ஓப்பன்அட்2' என்ற சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) இருக்கும். கம்பைல் நேரத்தில் நடக்கும் 'இஃப்டெஃப்' சோதனையும் "இருக்கிறது" என்றே சொல்லும். ஆனால் அந்த சிஸ்டம் கால் கர்னலுக்கு வந்தது 5.6-இல்தான். அதற்கு முந்தைய கர்னல் 'ஈநோசிஸ்' (அப்படியொரு அழைப்பு இல்லை) என்று திருப்பி அனுப்பும். கன்டெய்னரில் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் ஹெடர் கன்டெய்னரின் கோப்புத் தொகுப்பான இமேஜிலிருந்து வருகிறது, கர்னல் அதை ஓட்டும் ஹோஸ்ட் மெஷினுடையது.

ஆகவே புரோகிராம் ஓடும்போது அழைத்துப் பாருங்கள், ஈநோசிஸ் வந்தால் பழைய வழிக்குத் திரும்புங்கள். கர்னல் எண்ணை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம். ரெட் ஹாட் 8 தன் கர்னலை 4.18 என்று சொன்னாலும், பின்னால் வந்த பல வசதிகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

ஈநோசிஸ் மட்டும்தான் வரும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஜிலிப்சி 2.34 திரெட் உருவாக்க 'குளோன்3' சிஸ்டம் காலை அழைக்கத் தொடங்கியபோது, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் பழைய செக்காம்ப் அமைப்பு (சிஸ்டம் கால்களை வடிகட்டுவது) 'ஈபெர்ம்' (அனுமதி இல்லை) என்று பதில் சொன்னது. ஜிலிப்சி எதிர்பார்த்திருந்தது ஈநோசிஸை. அதனால் அந்தக் கன்டெய்னர்களில் திரெட்டே உருவாகவில்லை.

வெளியிடுமுன், நீங்கள் ஆதரிப்பதாகச் சொல்லும் மிகப் பழைய கர்னலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இந்தச் சோதனைக்கு விர்ச்சுவல் மெஷின்தான் வேண்டும். பழைய இமேஜை எடுத்துக் கன்டெய்னரில் ஓட்டினால் உங்கள் புதிய கர்னலையே சோதித்ததாக ஆகும்.