இன்டிஜர்: முழு எண்ணா, முழுவா, நிறைவெண்ணா?

கணிதத்தில் பின்னமில்லாத எண்ணை ஆங்கிலத்தில் இன்டிஜர் (integer) என்கிறார்கள், தமிழில் அதற்கு எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. இன்டிஜர் என்பது லத்தீன் சொல். 'தொடு' என்ற பொருளுள்ள வேரின் முன்னால் 'இல்லை' என்று சொல்லும் 'இன்' ஒட்டிக்கொண்டது, அதாவது யார் கையும் படாமல் உடையாமல் இருப்பது. நாம் பின்னம் என்கிறோமே, அது வடமொழியில் உடைந்தது என்று பொருள். உடைந்தது பின்னம் என்றால் உடையாதது முழு எண், சரியாகத்தான் பொருந்துகிறது.

சிக்கல் எங்கே என்றால், 0, 1, 2, 3 என்று போகும் வரிசைக்கும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முழு எண்கள் என்றே பெயர் வைத்துவிட்டன. அப்புறம் -1, -2 எல்லாம் சேர்ந்த இன்டிஜருக்கு என்ன செய்வது? 'முழுக்கள்' என்றார்கள். பன்மையில் பரவாயில்லை, ஒருமையில் "-5 ஒரு முழு" என்று எழுதிப் பாருங்கள், முழு என்ன என்று கேட்கத் தோன்றும். இலங்கைப் பாடநூல்களில் நிறைவெண் என்கிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

0-வை விட்டு 1-லிருந்து எண்ணினால் இயல் எண்கள். பூச்சியத்துக்கு மேலே மிகை, கீழே குறை, பூச்சியம் இரண்டிலும் சேராது. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகையைச் செல்வம் என்றும் குறையைக் கடன் என்றும் சொல்லித்தான் விதிகள் எழுதினார். ஒற்றை, இரட்டை குறை எண்களுக்கும் உண்டு: -3 ஒற்றை, -4 இரட்டை, 0-வும் இரட்டைதான்.

எனக்குப் பிடித்த சொல் பகா எண். ஆங்கிலப் 'பிரைம்' முதலாவது என்ற பொருளில் வருகிறது, இலங்கையில் சொல்லும் முதன்மை எண்ணும் அதே வழி. பகா எண்ணோ நம் இலக்கணத்தின் சாயல் உள்ளது. நன்னூல் படித்தவர்களுக்குப் பகுபதம், பகாப்பதம் தெரியும்: 'பாடினான்' என்பதைப் பாடு, இன், ஆன் என்று பிரிக்கலாம், 'நிலம்' பிரியாது. அதே மாதிரி 15-ஐ 3 × 5 என்று பகுக்கலாம், அது பகு எண், 7 மசியாது.

ஆனால் சொல்லை மட்டும் நம்பினால் 1-இல் மாட்டிக்கொள்வோம். அதுவும் பகாதுதானே? இருந்தும் பகா எண் இல்லை, சரியாக இரண்டு வகுத்திகள் (மீதியில்லாமல் வகுக்கும் எண்கள்) வேண்டும், 1-க்கு ஒன்றே ஒன்றுதான். அதையும் சேர்த்தால் 15-ஐ 3 × 5, 1 × 3 × 5, 1 × 1 × 3 × 5 என்று எத்தனை விதமாக வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம்.