இரவு எட்டு மணி ஐசியூ

ஐசியூ வாசலில் காத்திருப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "ராத்திரி பெரிய டாக்டர் இருப்பாரா சார்?" என்றுதான். எனக்கு நள்ளிரவைவிட இரவு எட்டு மணியிடம்தான் பயம். ஷிப்ட் மாறும் நேரம் அது.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. வென்டிலேட்டரில் இருந்த ஒருவருக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. 50 மில்லி சலைனில் 50 யூனிட் இன்சுலின் கலந்து சிரிஞ்ச் பம்பில், அதாவது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் ஏற்றும் கருவியில் போடும்படி நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனேன். நம் ஊரில் இன்சுலின் குப்பி இரண்டு விதமாக வருகிறது: மில்லிக்கு 40 யூனிட், மில்லிக்கு 100 யூனிட். அன்று மாலை 40 தீர்ந்துபோய் 100 வந்திருந்தது. மாலை ஷிப்ட் சிஸ்டருக்கு அது தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தபோது பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடித்தது. ஓடினார், பேச்சு பாதியில் நின்றது.

இரவு சிஸ்டர் வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்சிலேயே, அதாவது 40 யூனிட் குப்பிக்கான சிரிஞ்சிலேயே அளந்தார். அந்தச் சிரிஞ்சில் 100 குப்பி மருந்தை அளந்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். கலந்தது 50 யூனிட் இல்லை, 125. சர்க்கரை இறங்கிப் படபடப்பு வந்தாலும் மயக்க மருந்தில் இருப்பவரால் சொல்ல முடியாது. இரண்டாவது மணி நேரச் சோதனையில் சர்க்கரை 58, மிகக் குறைவு. பம்பை நிறுத்தி டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினோம். தப்பித்தார்.

மறுநாள் மீட்டிங்கில் எல்லோர் விரலும் இரவு சிஸ்டரை நோக்கித்தான் நீண்டது. எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்லிவிட்டுப் போன என்னை யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

1995இல் ஜெருசலேம் பல்கலைக்கழக மருத்துவமனை ஒன்றின் ஐசியூவைக் கவனித்து எழுதிய ஆய்வு வெளிவந்தது. அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு நாளில் சராசரியாக 178 காரியங்கள் நடந்தன, 1.7 தவறுகளும். நூற்றுக்கு 99 என்றால் பரீட்சையில் பிரமாதம். படுத்திருப்பவருக்கோ தினமும் ஒன்றுக்கு மேல் தவறு. என்னை உலுக்கியது வேறொரு எண். டாக்டரும் நர்ஸும் வாய்வழியாகப் பேசிக்கொள்வது மொத்த வேலையில் 2 சதவீதம்தான். ஆனால் 37 சதவீதத் தவறுகள் அந்தப் பேச்சோடு சேர்ந்தவை. கை தடுமாறியதைவிட, சொன்னது போய்ச் சேராததுதான் பெரிய சிக்கல்.

லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், ஆபரேஷன் முடிந்த குழந்தையை ஐசியூவில் ஒப்படைக்கும் முறையைச் சீராக்க பந்தயத்தின் நடுவே சில நொடிகளில் தடுமாறாமல் சக்கரம் மாற்றும் ஃபெராரி கார் பந்தயக் குழுவிடம் ஆலோசனை கேட்டார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. இப்போது எங்கள் யூனிட்டில் இரண்டு ஷிப்ட் சிஸ்டர்களும் படுக்கை அருகில் நின்று, பம்பில் ஓடும் மருந்தின் பெயர், அளவு, வேகம் மூன்றையும் சத்தமாகப் படிப்பார்கள். போனில் நான் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில், "டாக்டர், நம்பிக்கை இல்லையா?" என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. 100 யூனிட் குப்பிக்குத் தனி டப்பா, அதற்கான சிரிஞ்சும் அதே டப்பாவில்.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். கையில் சிரிஞ்சோடு மருந்து அளந்துகொண்டிருக்கும் சிஸ்டரைக் கூப்பிடாதீர்கள், அவர் முடிக்கட்டும். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். அப்புறம், நோயாளியின் நிலவரம் கேட்க எட்டரைக்கு வாருங்கள். எட்டு மணிக்குக் கேட்டால் நானே பதில் சொல்ல மாட்டேன்.